சோலார் வாட்டர் ஹீட்டரில் டிஎஸ்18பி20: 85 டிகிரி என்று வந்தால் நம்பலாமா?

மாடித்தொட்டி (ராமமூர்த்தி நகர், பெங்களூரு) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு மொட்டை மாடியில் 200 லிட்டர் சோலார் வாட்டர் ஹீட்டர் இருக்கிறது. வெயில் இல்லாத நாட்களுக்காகத் தொட்டிக்குள் 2 கிலோவாட் ஹீட்டர் காயில் ஒன்றும் பொருத்தப்பட்டிருக்கிறது. தொட்டியில் வெந்நீர் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதைச் சமையலறையிலிருந்தே தெரிந்துகொள்ளவும், தேவையில்லாத நேரத்தில் காயில் மின்சாரத்தை விழுங்காமல் பார்த்துக்கொள்ளவும் மூன்று டிஎஸ்18பி20 வெப்பநிலை சென்சார்களை வைத்திருக்கிறேன். ஒன்று தொட்டியின் மேற்பகுதியிலும், ஒன்று அடிப்பகுதியிலும், மற்றொன்று தண்ணீர் உள்ளே வரும் குழாயிலும் இருக்கின்றன. மூன்றையும் மாடியில் ஒரு பெட்டிக்குள் இணைத்து, அங்கிருந்து சுமார் 25 மீட்டர் கேட்-5 நெட்வொர்க் கேபிள் வழியாகக் கீழே இருக்கும், வைஃபை கொண்ட ஈஎஸ்பி32 மைக்ரோகன்ட்ரோலர் பலகைக்குக் கொண்டு வந்திருக்கிறேன். டேட்டா கம்பியை உயர்நிலைக்கு இழுத்துப் பிடிக்கும் புல்-அப் மின்தடை 4.7 கிலோஓம், சென்சார்களுக்கான மின்சாரம் பலகையின் 3.3 வோல்ட் முனையிலிருந்தே போகிறது.

பெரும்பாலான நேரம் அளவுகள் ஒழுங்காகவே வருகின்றன. ஆனால் அவ்வப்போது ஏதாவது ஒரு சென்சார் 85.00 என்று காட்டுகிறது. சில வேளைகளில் −127 வருகிறது. மழை பெய்த ஓர் இரவில் 0.00 வந்தது. இணையத்தில் தேடினால் 85 வந்தால் அதைத் தூக்கி எறிந்துவிடுங்கள் என்றே எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். அறை வெப்பநிலையை அளப்பவர்களுக்கு அது சரியாக இருக்கலாம். ஏப்ரல் மாதத்தில் வீட்டார் ஊருக்குப் போய் வெந்நீரை யாரும் எடுக்காமல் விட்டால் தொட்டியின் மேற்பகுதி உண்மையாகவே 80 டிகிரியைத் தாண்டிவிடுகிறது. அப்படியிருக்க, உண்மையான 85-ஐயும் பொய்யான 85-ஐயும் எப்படிப் பிரித்தறிவது?

இன்னொரு சந்தேகமும் உண்டு. பொருத்துவதற்கு முன் மூன்று சென்சார்களையும் கொதிக்கும் தண்ணீரில் விட்டுப் பார்த்தேன். மூன்றுமே 97-ஐ ஒட்டித்தான் காட்டின. நிரலில் ஒவ்வோர் அளவுடனும் 3 டிகிரியைக் கூட்டிவிடலாமா?

கம்பிச்சுருள் (பெங்களூரு) எழுதியது:

நண்பரே, நீங்கள் குறிப்பிட்ட மூன்று எண்களும் மூன்று வெவ்வேறு இடங்களில் பிறப்பவை; அவற்றை ஒரே கோளாறாகப் பார்த்தால் தீர்வு கிடைக்காது.

−127 என்பது சென்சார் சொல்லும் எண்ணே அல்ல. டிஎஸ்18பி20 −55 டிகிரிக்குக் கீழே அளக்காது. சென்சாரிடமிருந்து பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் வழியில் சிதைந்ததா என்று காட்டும் சிஆர்சி சரிபார்ப்பு பொருந்தவில்லை என்றால், நீங்கள் பயன்படுத்தும் லைப்ரரி உங்களுக்குத் தெரிவிப்பதற்காக வைத்திருக்கும் அடையாள எண் அது. எனவே −127 வந்தால் பயப்பட வேண்டாம். பிழை பிழையாகவே அறிவிக்கப்பட்டிருக்கிறது. சிறிது நேரம் விட்டு மறுபடி கேட்டால் போதும்.

0.00 சற்று வஞ்சகமானது. சென்சார் அனுப்பும் ஒன்பது பைட்டுகளில் கடைசி பைட் சிஆர்சி. படிக்கும்போது டேட்டா கம்பி தாழ்நிலையிலேயே கிடந்தால் ஒன்பது பைட்டுகளும் பூஜ்யமாக வந்து சேரும். எட்டுப் பூஜ்யங்களுக்கான சிஆர்சியும் பூஜ்யமே என்பதால் சரிபார்ப்பு தேறிவிடும்; நிரலும் அதை 0 டிகிரி என்று நம்பிவிடும். மழையிரவில் வந்தது என்றால் மாடிப் பெட்டிக்குள் ஈரம் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். நிரலில் இதைப் பிடிப்பது எளிது: பூஜ்யத்திலிருந்து எண்ணினால் ஏழாவதாக வரும் பைட்டின் மதிப்பு எப்போதும் 16 ஆகவே இருக்க வேண்டும். அது 16 இல்லையென்றால் மொத்தப் பதிலையும் ஒதுக்கிவிடுங்கள்.

இனி 85. சென்சாருக்கு மின்சாரம் வந்தவுடன் அதன் வெப்பநிலைப் பதிவேட்டில் தானாக எழுதப்படும் தொடக்க மதிப்பு 85. அளக்கச் சொல்லும் கட்டளைக்கும் விடையைப் படிப்பதற்கும் இடையில் சென்சார் ஒரு கணம் மின்சாரத்தை இழந்து மீண்டால், அது அளந்துகொண்டிருந்ததையே மறந்து 85-ஐ நீட்டும். சிஆர்சி கச்சிதமாகப் பொருந்தும், ஏனென்றால் தகவல் வழியில் சிதையவில்லை. ஆகவே சிஆர்சியை நம்பி இதைப் பிடிக்க முடியாது.

பிடிக்க வேறு வழி இருக்கிறது. சென்சாரில் உயர் எச்சரிக்கை, தாழ் எச்சரிக்கை என்று இரண்டு பைட்டுகள் உண்டு. நம்மில் பெரும்பாலோர் அவற்றைத் தொடுவதே இல்லை. அவை தற்காலிக நினைவகத்திலும் இருக்கும், நிரந்தர நினைவகமான ஈஈப்ராமிலும் இருக்கும். மின்சாரம் போய் வந்தால் ஈஈப்ராமில் இருப்பது தற்காலிக நினைவகத்தில் வந்து அமர்ந்துகொள்ளும். தொழிற்சாலையிலிருந்து வரும்போது ஈஈப்ராமில் வழக்கமாக 75, 70 என்ற எண்கள் இருக்கும். நீங்கள் செய்ய வேண்டியது, நிரல் தொடங்கும்போது தற்காலிக நினைவகத்தில் மட்டும் வேறு இரண்டு எண்களை, எடுத்துக்காட்டாக 33, 21 என்று எழுதிவிடுவதுதான். வெப்பநிலையைப் படிக்கும்போது அதே ஒன்பது பைட்டுகளோடு இந்த எண்களும் திரும்பி வரும். 85-உம் 33-உம் சேர்ந்து வந்தால் தொட்டி உண்மையிலேயே 85-இல் இருக்கிறது. 85-உடன் 75 வந்தால் சென்சார் இடையில் செத்துப் பிழைத்திருக்கிறது. அந்த அளவை ஒதுக்கிவிட்டு அடையாளத்தை மீண்டும் எழுதிக்கொள்ளுங்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சில லைப்ரரிகள் இந்த பைட்டுகளை எழுதும்போதே ஈஈப்ராமிலும் தாமாகப் பிரதி எடுத்துவிடும். அப்படி நடந்தால் மின்சாரம் போய் வந்த பிறகும் 33 அப்படியே இருக்கும், தந்திரம் பலிக்காது. அதோடு ஈஈப்ராமுக்கு உத்தரவாதமாகச் சொல்லப்படுவது 50,000 எழுதல்கள் என்ற அளவுதான். சுற்றுக்கு ஒரு முறை எழுதினால் சில வாரங்களிலேயே அந்த எல்லையை எட்டிவிடலாம். எனவே தானியங்கிப் பிரதியை நிறுத்திவிட்டே இதைச் செய்ய வேண்டும். எத்தனை பிட் நுணுக்கத்தில் அளப்பது என்ற அமைப்பும் ஈஈப்ராமிலிருந்தே திரும்ப வருவதால், நீங்கள் 10 பிட் என்று மாற்றி வைத்திருந்தால் மின்சாரம் போய் வந்த பிறகு அது பழையபடி 12 பிட்டுக்குப் போய்விடும். 10 பிட்டுக்கு 187.5 மில்லிவிநாடி காத்திருந்தால் போதும், 12 பிட்டுக்கு 750 வேண்டும். இந்த வேறுபாட்டைக் கவனிக்காவிட்டால் அளந்து முடிப்பதற்குள் படித்துவிட்டு, முந்தைய அளவையே புதியது என்று எண்ணிக்கொண்டிருப்போம்.

முந்தைய அளவு என்றதும் நினைவுக்கு வருகிறது: அளக்கச் சொல்லும் கட்டளை இரைச்சலில் தொலைந்துபோனால் சென்சார் பழைய விடையையே, சரியான சிஆர்சியோடும் சரியான அடையாளத்தோடும் கொடுக்கும். மூன்றாவது மின்கம்பி வழியே தனியாக மின்சாரம் பெறும் சென்சாரிடம், கட்டளை கொடுத்தவுடன் ஒரு பிட்டைப் படித்துப் பார்க்கலாம். அளந்துகொண்டிருந்தால் 0 என்றும் முடிந்ததும் 1 என்றும் சொல்லும். கட்டளை கொடுத்த மறுகணமே 1 வந்தால் அது கட்டளையைக் கேட்கவே இல்லை என்று பொருள். மூன்று சென்சார்களையும் ஒன்றாக அளக்கச் சொன்னால் இந்தச் சோதனை தெளிவாக வராது, ஏனென்றால் மூன்றில் ஒன்று அளந்துகொண்டிருந்தாலும் 0 தான் தெரியும். ஒவ்வொன்றையும் அதன் முகவரியால் அழைத்துத் தனித்தனியாகக் கேளுங்கள். தொட்டித் தண்ணீர் ஒரு விநாடியில் ஓடிவிடப் போவதில்லை.

பீன்யா பழையவர் எழுதியது:

மேலே நண்பர் எழுதியது அத்தனையும் சரி. ஆனால் அது பொய்யைக் கண்டுபிடிக்கும் வழி. பொய் வராமல் செய்யும் வழி கேபிளிலும் மின்சாரத்திலும் இருக்கிறது. தம்பி, முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கேட்-5 கேபிளில் ஒரு ஜோடிக் கம்பிகளுக்கு இடையே மீட்டருக்குச் சுமார் 50 பிக்கோஃபாரட் மின்தேக்கம் இருக்கும். 25 மீட்டருக்கு 1,250 பிக்கோஃபாரட். அதை 4.7 கிலோஓம் வழியாக நிரப்பினால், மின்னழுத்தம் ஏறும் வேகத்தைக் காட்டும் நேர மாறிலி ஏறத்தாழ 5.9 மைக்ரோவிநாடி. ஈஎஸ்பி32 ஒரு முனையை உயர்நிலை என்று உறுதியாக ஏற்றுக்கொள்ள அதன் மின்னழுத்தத்தில் முக்கால் பங்கு வேண்டும். அங்கே ஏறிச் சேர 8 மைக்ரோவிநாடிக்கு மேல் ஆகிவிடும். இந்தச் சென்சார்கள் பேசும் 1-வயர் முறையில் ஒரு பிட்டின் தொடக்கத்திலிருந்து 15 மைக்ரோவிநாடிக்குள் அதைப் படித்துவிட வேண்டும். தொடக்கத்தில் பலகை கம்பியைத் தாழ்த்திப் பிடிக்கும் நேரமும் இதற்குள்ளேயே அடங்கும். ஆக உங்களுக்கு மிஞ்சுவது ஓரிரு மைக்ரோவிநாடிதான். வைஃபை வேலை குறுக்கிட்டு நிரல் இம்மியளவு தடுமாறினாலும் பிட் தவறிப்போகும், −127 வரும்.

புல்-அப்பை 2.2 கிலோஓமாக மாற்றுங்கள். ஏறும் நேரம் 4 மைக்ரோவிநாடிக்குக் குறைந்துவிடும். சென்சார் தாழ்த்திப் பிடிக்க வேண்டிய மின்னோட்டம் 1.5 மில்லிஆம்பியர், 4 மில்லிஆம்பியர் வரை அது தாங்கும். டேட்டாவையும் கிரவுண்டையும் ஒரே முறுக்கு ஜோடியில் விடுங்கள்; டேட்டாவையும் மின்சாரத்தையும் ஒரு ஜோடியாக்க வேண்டாம். மூன்று சென்சார்களையும் மாடியிலேயே இணைத்து ஒரே ஜோடியில் இறக்கியது நல்ல காரியம். கீழிருந்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக 25 மீட்டர் இழுத்திருந்தால் மின்தேக்கம் மூன்று மடங்காகி, அந்த 4.7 கிலோஓமில் எதுவுமே ஓடியிருக்காது.

85-க்கு வருவோம். கம்பியின் மெலிவுதான் காரணம் என்று உடனே சொல்லிவிடுவார்கள், அதையும் கணக்கிட்டுவிடலாம். போகவும் வரவும் சேர்த்துக் கம்பியின் மின்தடை 4 ஓம் சொச்சம். மூன்று சென்சார்களும் ஒரே நேரத்தில் அளந்தாலும் 4.5 மில்லிஆம்பியர்தான் இழுக்கும். இழப்பு 20 மில்லிவோல்ட்டைத் தொடாது. அதனால் குற்றவாளி கம்பி அல்ல. டிஎஸ்18பி20-க்குக் குறைந்தது 3.0 வோல்ட் வேண்டும். நீங்கள் கொடுப்பதோ 3.3. வைஃபை அனுப்பும் கணத்தில் ஈஎஸ்பி32 இருநூறு மில்லிஆம்பியருக்கு மேல் இழுக்கும்போது மலிவான பலகைகளில் அந்த 3.3 குழிந்துவிடும். இருக்கும் 0.3 வோல்ட் மிச்சம் அங்கேயே கரைந்துபோகிறது. மாடிப் பெட்டியில் திருகு இணைப்புகளில் பச்சை பூத்திருந்தால் அதுவும் சேர்ந்துகொள்ளும்.

சென்சார்களுக்கு 5 வோல்ட் கொடுங்கள், 5.5 வரை அவை ஏற்கும். ஆனால் புல்-அப்பை 3.3 வோல்ட்டுக்கே இணைக்க வேண்டும், ஏனென்றால் ஈஎஸ்பி32-இன் முனைகள் 5 வோல்ட்டுக்கு உகந்தவை அல்ல. தனி மின்சாரம் பெறும் சென்சாருக்கு 2.2 வோல்ட் வந்தாலே உயர்நிலை என்று புரியும் என்பதால் இந்த ஏற்பாட்டில் சிக்கல் இல்லை. மாடிப் பெட்டிக்குள் மின்சாரத்துக்கும் கிரவுண்டுக்கும் இடையில் 100 நானோஃபாரட் ஒன்றும் 10 மைக்ரோஃபாரட் ஒன்றும் வையுங்கள். கேபிள் பம்பு மோட்டாரின் வயரோடு ஒரே பைப்பில் இறங்குகிறதா என்பதையும் பாருங்கள். நம் ஊரில் மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் குழாயும் வயரும் கேபிளும் எல்லாம் ஒரே சந்தில்தான் இறங்கும்.

புதிய வாசகர் எழுதியது:

இவ்வளவு சிரமம் எதற்கு? டிஎம்பி117 சென்சார் −20 முதல் 50 டிகிரி வரை ±0.1 டிகிரி துல்லியம் தருகிறது. அதை ஐ2சி என்ற இரு கம்பித் தகவல் முறையில் இணைத்துவிடலாமே?

பீன்யா பழையவர் எழுதியது:

சென்சார் அருமையானது. ஐ2சி தகவல் தடத்துக்கு அனுமதிக்கப்பட்ட மின்தேக்கம் 400 பிக்கோஃபாரட். இந்தக் கேபிள் மட்டுமே 1,250. அதே பலகைக்குள் வைத்து அளக்க அதைப் பயன்படுத்துங்கள்.

மாடித்தொட்டி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. அடையாள எண்களை எழுதும் முறையைச் செய்து பார்த்தேன். 85 வந்த ஒவ்வொரு முறையும் உடன் வந்தது 75 தான். அதாவது அனைத்தும் பொய்யான 85. பதிவுகளை வரிசைப்படுத்திப் பார்த்தபோது அவற்றில் பல, கீழ்த்தொட்டியின் பம்பு தொடங்கும் நேரத்தோடு ஒத்துப்போகின்றன. பழையவர் ஐயா ஊகித்தபடியே கேபிள் மோட்டார் வயரோடு ஒரே பைப்பில்தான் வருகிறது. கேபிளைச் சுவரின் மறுபக்கமாக மாற்றி, 5 வோல்ட்டும் மின்தேக்கிகளும் 2.2 கிலோஓமும் வைத்த பிறகு 85 வரவில்லை. −127 எப்போதாவது வருகிறது. மறுமுறை கேட்டதும் சரியாகிவிடுகிறது.

ஆனால் குழாயில் வைத்திருக்கும் சென்சாரின் ஈஈப்ராமில் தொடக்கத்தில் 75, 70 இல்லாமல் வேறு எண்கள் இருந்தன. மூன்றையும் எஸ்.பி. ரோட்டில் ஒரே கடையில்தான் வாங்கினேன். போலியாக இருக்குமோ? அந்த 97 டிகிரி விஷயத்தையும் யாராவது விளக்கினால் நன்றாக இருக்கும்.

கம்பிச்சுருள் எழுதியது:

ஈஈப்ராம் எண்கள் வேறாக இருந்தால் மட்டும் போலி என்று சொல்லிவிட முடியாது. யாராவது முன்பே எழுதியிருக்கலாம். 64 பிட் முகவரியைப் பாருங்கள். எல்லா டிஎஸ்18பி20-க்கும் அது 28 என்று பதினாறடிமானத்தில் தொடங்கும். அசல் சென்சார்களில் முகவரியின் கடைசியில் வரும் சிஆர்சிக்கு முந்தைய இரண்டு பைட்டுகளும் பூஜ்யமாக இருப்பதைப் பலரும் கவனித்திருக்கிறார்கள். அங்கே கண்டபடி எண்கள் இருந்தால் நான் அதைப் போலி என்றே எடுத்துக்கொள்வேன். முதுகில் பொறித்திருக்கும் டல்லஸ் என்ற பெயர் சான்றாகாது. டல்லஸ் செமிகண்டக்டரை 2001-இல் மேக்சிம் வாங்கியது, மேக்சிமை 2021-இல் அனலாக் டிவைசஸ் வாங்கியது, ஆனால் பழைய பெயரைப் பொறிப்பது யாருக்கும் கடினமான வேலை அல்ல.

போலி என்பதாலேயே தூக்கி எறிய வேண்டும் என்பதில்லை. சில நன்றாகவே அளக்கும். இரண்டு கம்பி முறையில், அதாவது டேட்டா கம்பியிலிருந்தே மின்சாரத்தை உறிஞ்சிக்கொள்ளும் முறையில் பல போலிகள் வேலை செய்வதில்லை. உங்களிடம் மூன்றாவது கம்பி இருப்பதால் அந்தக் கவலை இல்லை. ஆனால் காயிலைக் கட்டுப்படுத்தும் முடிவை எடுக்கும் சென்சார் மட்டுமாவது அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தரிடம் வாங்கியதாக இருக்கட்டும். குழாயில் இருப்பது வெறும் தகவலுக்குத்தானே.

97 டிகிரிக்கு வருவோம். 3 டிகிரியைத் தயவுசெய்து கூட்டாதீர்கள்! உங்கள் சென்சார்கள் உண்மையைத்தான் சொல்லியிருக்கின்றன. பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. ஏறத்தாழ 300 மீட்டருக்கு 1 டிகிரி வீதம் தண்ணீரின் கொதிநிலை குறையும். இங்கே தண்ணீர் 97-ஐ ஒட்டித்தான் கொதிக்கும். சென்னையிலோ மும்பையிலோ இதே சோதனையைச் செய்தால் 100 வரும். மேலும் இந்தச் சென்சாருக்கு ±0.5 டிகிரி உத்தரவாதம் −10 முதல் 85 டிகிரி வரைதான். கொதிநீர் அந்த எல்லைக்கு வெளியே இருக்கிறது. அங்கே அளந்த வேறுபாட்டை 50 டிகிரியில் கூட்டுவதற்கு நியாயமே இல்லை. 12 பிட்டில் 0.0625 டிகிரி படிகளாகத் தெரிவதையும் துல்லியம் என்று எண்ண வேண்டாம். அது எண்ணின் நுணுக்கம் மட்டுமே.

சரிபார்க்க விரும்பினால் பனிக்கட்டியை நன்றாக நொறுக்கி, அதன் இடைவெளி நிரம்பும் அளவுக்கு மட்டும் காய்ச்சி வடித்த நீரை ஊற்றி, சென்சாரின் எஃகு உறை பாத்திரத்தின் அடியைத் தொடாமல் நிறுத்தி, சில நிமிடம் கலக்கிக்கொண்டே பாருங்கள். 0-க்கு அரை டிகிரி இப்படி அப்படி வந்தால் போதும். மிதக்கும் நாலு கட்டிகளோடு தண்ணீர் அதிகமாக இருந்தால் அடியில் 4 டிகிரி வரைகூட இருக்கும்.

தொட்டியில் எப்படிப் பொருத்தியிருக்கிறீர்கள் என்பதைச் சொல்லவில்லை. சென்சாருக்கென்று உள்ளே நீண்ட குருட்டுக் குழாய் இருந்தால் வெப்பம் கடத்தும் பசையைத் தடவிச் செருகுங்கள். காற்று இடைவெளி இருந்தால் பல டிகிரி பின்தங்கும். போர்வெல் தண்ணீர் என்றால் குழாயின் வெளிப்புறத்தில் உப்பு படிந்து நாளடைவில் சென்சார் மந்தமாகும். கேபிளின் பிவிசி உறை அந்த வெப்பத்தில் வருடக்கணக்கில் தாங்காது. மேற்பகுதிக்கு மட்டுமாவது சிலிக்கோன் உறைக் கேபிளுடன் வரும் சென்சாரைத் தேடுங்கள். எஃகு உறையின் வாய் வழியாக ஆவி இறங்கித்தான் இந்தச் சென்சார்கள் பெரும்பாலும் சாகின்றன.

பீன்யா பழையவர் எழுதியது:

காயில் பற்றி ஒரு வார்த்தை. தொட்டியில் ஏற்கெனவே இருக்கும் தெர்மோஸ்டாட்டையும் அதிவெப்ப கட்-அவுட்டையும் எக்காரணம் கொண்டும் கழற்றாதீர்கள். காயிலை இயக்கும் உங்கள் ரிலே அவற்றோடு தொடரிணைப்பில் இருக்கட்டும். 2 கிலோவாட் என்றால் 9 ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவு. 10 ஆம்பியர் என்று எழுதியிருக்கும் சின்ன ரிலேயை நம்பாமல், பெரிய மின்னோட்டத்துக்கான சுவிட்சான கான்டாக்டர் ஒன்றை வைத்து, அந்த இணைப்பை மின்கசிவு வந்தால் துண்டித்துவிடும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி வழியாக எடுங்கள்.

நிரலில், காயிலை இயக்க அனுமதி என்பது மேல் சென்சார், கீழ் சென்சார் இரண்டும் அண்மையில் சரியான அளவு கொடுத்திருந்தால் மட்டுமே கிடைக்க வேண்டும். ஒரு முறை −127 வந்தால் பழைய அளவை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பழைய அளவுக்கு வயது வரம்பு இருக்க வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு மேல் புதிய அளவு வராவிட்டால் காயில் தானாக அணைய வேண்டும். வெந்நீர் மேலேயும் குளிர்ந்த நீர் கீழேயும் தங்கும் தொட்டியில் கீழ் சென்சார் மேல் சென்சாரைவிடத் தெளிவாகச் சூடாகத் தெரிந்தால், முகவரிகள் இடம் மாறியிருக்கின்றன அல்லது ஒன்று கழன்று தொங்குகிறது. அப்போதும் அணைத்துவிட்டு மாடிக்குப் போய்ப் பாருங்கள். காயில் தொட்டியின் அடியில் இருந்தால் அது ஓடும் நேரத்தில் கீழே சற்றுச் சூடாகத் தெரிவது இயல்பு என்பதால், இந்த ஒப்பீட்டைக் காயில் அணைந்து பத்து நிமிடம் கழித்தே செய்ய வேண்டும்.

மாடித்தொட்டி எழுதியது:

காயில் அடியில்தான் இருக்கிறது, ஐயா. பத்து நிமிட விதியையும் வயது வரம்பையும் நிரலில் சேர்த்துவிட்டேன். குழாய் சென்சாரின் முகவரியில் நண்பர் சொன்ன இரண்டு பைட்டுகளும் பூஜ்யமாக இல்லை. மற்ற இரண்டிலும் பூஜ்யமாக இருக்கின்றன. அதைத் தகவலுக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன்.